எங்கே நம் நிலைவாசம்?

"சாமி, நிரந்தரவாசம் நிரந்தரவாசம்னு சொல்றானே, அப்படின்னா இனிமே அங்கேயேதானா?"

பங்கு அலுவலக மேசைக்கு எதிரே நின்றுகொண்டு ஒரு தாய் இவ்வாறு வினவியபோது, அவருடைய மகனின் திருமுழுக்குச் சான்றிதழில் நாம் முத்திரையிட்டுக் கொண்டிருந்தோம். மகன் அருகே நின்றார். நாற்பதைத் தொடப்போகும் வயது. முன்கைகளில் பற்றவைப்புத் தீப்பொறிகள் விட்டுச்சென்ற சிறுசிறு தழும்புகள். தாயின் கேள்விக்கு அவர் விடை சொல்லாமல் நம்மைப் பார்த்தார். நாமும் உடனே விடை சொல்லவில்லை. முத்திரை சரியாகப் பதியவில்லை என்று கூறி இன்னொரு முறை அழுத்தினோம்.

நெடுங்காலம் குருத்துவப் பணியில் இருப்பவர்க்கு இத்தகைய கேள்விகளுக்கென்று ஆயத்தமான விடை ஒன்று கைவசம் உண்டு. 'இவ்வுலகில் எதுதான் நிரந்தரம், அம்மா?' அடக்கத் திருப்பலிகளில் இதனை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அன்று ஏனோ அது நாவில் எழவில்லை. அந்தத் தாய் மறுமையைப் பற்றிக் கேட்கவில்லை. தம் மகனைப் பற்றிக் கேட்டார். மகனைப் பற்றிய கேள்விக்கு மறுமையைப் பற்றிய விடையைத் தருவது ஒருவகை ஏய்ப்பு என்று அப்போதுதான் நமக்கு உறைத்தது.

மகனின் கதை வடசென்னைக்குப் புதிதன்று. திருவொற்றியூரில் பிறந்தவர். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு. எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஒப்பந்தக்காரர் வழியாகச் சில ஆண்டு வேலை. தந்தை காலத்தில் ஆலைக்குள் நுழைந்தவர் ஓய்வு பெறும்வரை ஆலையின் பிள்ளை. 1996-இல் பெரம்பூரில் பின்னி ஆலை மூடப்பட்டதையும், 2017-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் நின்றுபோனதையும் கண்ட தலைமுறைக்கு அந்த உறுதி இல்லை. இவர் 2009-இல் சிங்கப்பூர்க் கப்பல் கட்டும் துறைக்கு ஒர்க் பர்மிட்டில் சென்றார். சாய்த்து நிறுத்திய குழாயைச் சுற்றிலும் குறையின்றிப் பற்றவைக்கும் தேர்வில் தேறினார். அதனைத் தொழிலில் சிக்ஸ் ஜி என்பார்கள். 2013-இல் எஸ் பாஸ் கிடைத்தது. இப்போது பன்னிரண்டு பேருக்கு மேற்பார்வையாளர். மனைவியும் ஒன்பது வயது மகனும் திருவொற்றியூரில் தாயோடு இருக்கிறார்கள். குடும்பத்தை உடன் அழைத்துக்கொள்ள எஸ் பாஸ் பெற்றவர்க்கு ஒரு குறிப்பிட்ட சம்பளம் வேண்டும். அந்த எல்லையை இவர் சம்பளம் எட்டவில்லை. நிரந்தரவாசம் கிடைத்தால் மனைவியும் மகனும் அவரோடு வாழலாம். தாய்க்கு அந்த வழி இல்லை. முதிய பெற்றோருக்காக நிரந்தரவாசம் கோரும் தகுதி அங்கே குடிமக்களுக்கே உண்டு, நிரந்தரவாசிகளுக்கு இல்லை.

அந்த மேசையைச் சுற்றி நின்ற சிக்கல் இதுதான். ஒரு குடும்பத்தைச் சேர்க்க இன்னொரு குடும்பத்தைப் பிரிக்க வேண்டும். தொடக்கநூலின் தொடக்கத்திலேயே ஆண் தன் தாய் தந்தையை விட்டு மனைவியோடு ஒன்றிப்பான் என்று படிக்கிறோம். சீனாய் மலையின் நான்காம் கட்டளையோ தாய் தந்தையரைப் பேணச் சொல்கிறது. இரண்டும் ஒரே இறைவனின் வாக்கு. இவ்விரண்டுக்கும் இடையே ஒருவரை நிறுத்தி, எதைத் தெரிந்துகொள்வாய் என்று கேட்கும் அதிகாரம் ஒரு குடிநுழைவுச் சட்டத்துக்கு எப்படி வந்தது? இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். விடுமுறையில் வந்த இளைஞருக்குத் திருமண மந்திரிப்பு ஓதி, முப்பதாம் நாள் அவரை விமான நிலையத்துக்கு அனுப்பிவைத்த திருமணங்கள் நம் பதிவேட்டிலேயே பல உண்டு. இல்லறத்தார் கூடிவாழ்வது கடமையும் உரிமையும் என்று திருச்சபைச் சட்டத்தின் 1151-ஆம் விதி கூறுகிறது. நாம் அதனைத் திருமண ஆயத்த வகுப்பில் வாசிக்கிறோம். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

முதல் விண்ணப்பத்தை அவர் 2015-இல் நேரில் சென்று கொடுத்தார். அந்நாளில் முன்பதிவு செய்துகொண்டு, கல்லாங் சாலையிலிருந்த குடிநுழைவுத் துறைக் கட்டடத்தில் மூலச் சான்றிதழ்களோடு நிற்க வேண்டும். இன்று விண்ணப்பம் மின்வழியே செல்கிறது. அன்றைய நாளை அவர் நமக்கு விவரித்தார். கைத்தழும்புகள் தெரியாதிருக்க முழுக்கைச் சட்டை ஒன்றை இரவல் வாங்கி அணிந்தாராம். வரிசை எண் வந்ததும் சாளரத்தின் முன் உட்கார்ந்தார். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் வேறோர் எழுத்து. அதற்கு விளக்கம் கேட்டார்கள். அதிகாரி கடுமையாகப் பேசவில்லை, கனிவாகவும் பேசவில்லை, தாள்களைப் பார்த்தார். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. "ஆறு வருஷத்துல ஒரு ஆபீஸ்ல என்னை உக்கார வெச்சுப் பேசுனது அன்னிக்குத்தான், ஃபாதர்" என்றார். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகவே சொன்னார். கேட்ட நமக்குத்தான் உறுத்தியது. வெளியே வந்தவர், அதிக தூரமில்லாத ஓஃபிர் சாலைக்கு நடந்துசென்று தூய லூர்து அன்னை ஆலயத்தில் சற்று அமர்ந்திருந்தாராம். 1888-இல் அங்கிருந்த தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுப்பப்பட்ட ஆலயம் அது. பல மாதங்கள் கழித்து ஒரு சிறு கடிதம் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை, காரணம் எழுதப்படவில்லை. காரணம் கூறும் வழக்கம் அங்கில்லை.

இவராவது விண்ணப்பிக்கக் கூடியவர். இவருடன் ஒரே விடுதியில் தங்கிய, இன்னும் ஒர்க் பர்மிட்டிலேயே இருக்கும் தோழர்கள் எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்தச் சாளரத்தின் முன் உட்கார முடியாது; நிரந்தரவாசம் கோரும் தகுதியே அவர்களுக்கு இல்லை. மலேசியர் அல்லாத ஒவ்வொரு ஒர்க் பர்மிட் தொழிலாளிக்கும் முதலாளி 5,000 சிங்கப்பூர் டாலர் பிணையத்தொகைக்கு உறுதி தரவேண்டும். அத்தொழிலாளி அந்நாட்டுக் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க விரும்பினால் அரசின் முன்னனுமதி வேண்டும். திருமணத் தடைகளைச் செமினரியில் மனப்பாடம் செய்த நமக்கு இப்படியொரு தடை புதிதாக இருந்தது. இரத்த உறவு, முந்திய மணம், துறவற வார்த்தைப்பாடு என்னும் வரிசையில் 'பற்றவைப்பவராக இருத்தல்' எங்கும் இல்லை. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த விடுதிகளில் அடைபட்டுக் கிடந்த பின்னர்தான், அந்நகரைக் கட்டியவர்கள் எங்கே உறங்குகிறார்கள் என்பதை உலகமும் அந்நகரத்தாரில் பலரும் கண்டறிந்தார்கள்.

சிங்கப்பூரை மட்டும் குற்றக்கூண்டில் நிறுத்துவது நேர்மையாகாது. வளைகுடா நாடுகளில் நம் தொழிலாளர் நாற்பதாண்டு உழைத்தாலும் விருந்தினர்தாம். 2019 முதல் அங்கே தரப்படும் நீண்டகால வாழ்விட அனுமதிகள் செல்வர்க்கும் உயர்தொழிலர்க்குமே உரியவை. கனடா 1967-இல் நிறத்தையும் பிறப்பிடத்தையும் பாராது புள்ளியிட்டுத் தெரிந்தெடுக்கும் முறையைக் கொணர்ந்தது. அது பழைய இனப்பாகுபாட்டைக் காட்டிலும் நீதியானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அப்பட்டியலைப் பாருங்கள். இருபது முதல் இருபத்தொன்பது வயதுக்கு முழுப்புள்ளி, நாற்பத்தைந்துக்குச் சுழியம். மொழிக்குப் புள்ளி, பட்டத்துக்குப் புள்ளி, உடன்பிறந்தார் அங்கிருந்தால் அதற்கும் புள்ளி. ஊரில் விட்டுவரும் தாய்க்கென்று கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. ஆஸ்திரேலியாவிலோ குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு ஊனம் இருந்து, அதன் பராமரிப்புச் செலவு வரம்பை மீறும் என்று கணித்தால், அந்த ஒரு குழந்தையின் பொருட்டுக் குடும்பம் முழுவதுமே மறுக்கப்படலாம். எந்தக் குழந்தையைச் சுட்டி இறையரசு இத்தகையோரதே என்று ஆண்டவர் கூறினாரோ, அந்தக் குழந்தையே கணக்கில் பற்றாகிறது.

இவ்விடத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் வெளியிட்ட தொழில் பற்றிய சுற்றுமடலை நினைவுகூர வேண்டும். உழைப்பில் இரு கூறுகளை அவர் பிரித்துக் காட்டினார். செய்யப்படும் பொருள் ஒன்று, செய்கின்ற மனிதர் மற்றொன்று. உழைப்பின் மதிப்பு இரண்டாவதிலிருந்தே பிறக்கிறது என்பது அவர் முடிபு. குழாயில் உள்ள பற்றவைப்பை ஊடுகதிர் கொண்டு சோதிக்கலாம். பற்றவைத்த மனிதரை அவ்வாறு சோதிக்க இயலாது. 'திறன்பெற்ற தொழிலாளர்' என்னும் சொற்றொடர் நாள்தோறும் நம் காதில் விழுகிறது. திறனைப் பெறும் நாடு, அத்திறன் குடியிருக்கும் உடலையும் அவ்வுடலைப் பெற்ற வயிற்றையும் சேர்த்தே பெறுகிறது என்பதை அச்சொற்றொடர் மறைத்துவிடுகிறது. அதே சுற்றுமடல், பிறந்த நாட்டை விட்டுச் செல்லவும் அதற்குத் திரும்பி வரவும் மனிதருக்கு உரிமை உண்டு எனவும், புலம்பெயர்வு விட்டுச்செல்லப்படும் நாட்டுக்கு ஓர் இழப்பே எனவும் ஒருசேரச் சொல்கிறது.

அப்படியானால் கதவு தட்டுவோர்க்கெல்லாம் ஒவ்வொரு நாடும் உடனே திறந்துவிட வேண்டுமா? திருச்சபை அப்படிச் சொன்னதில்லை. திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் 1963-இல் 'பாச்செம் இன் தேர்ரிஸ்' மடலில் தக்க காரணம் இருந்தால் பிறநாடு சென்று குடியேறும் உரிமையை மனித உரிமைகளுள் வைத்தார். அந்த உரிமைக்குப் பொதுநலன் என்னும் எல்லையையும் நம் மரபு காண்கிறது. புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் பழைய ஏற்பாட்டுச் சட்டத்தை ஆராயும்போது, அயல்நாட்டார் சிலர் மூன்றாம் தலைமுறையிலேயே குடிகளாக ஏற்கப்பட்டதற்குக் காரணம் காட்டுகிறார். பொதுநலன் இன்னும் நெஞ்சில் வேர்கொள்ளாதவரை ஆட்சிப் பொறுப்பில் உடனே சேர்த்தால் தீங்கு விளையக்கூடும் என்பது அவர் கருத்து. இதில் அவர் துணைக்கு அழைப்பது அரிஸ்டாட்டிலை. குடிமகன் யார் என்று உலகுக்கு வரையறுத்துத் தந்த அந்த அரிஸ்டாட்டில், ஏதென்சு நகரில் நிலம் வாங்கவும் உரிமையற்ற ஓர் அயலவராகவே வாழ்ந்தார் என்பது தத்துவ வகுப்பில் நமக்கு யாரும் சொல்லித் தராத செய்தி.

அக்குவினாரின் வாதத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அது எதைப் பற்றியது என்று கவனிக்க வேண்டும். ஆட்சியில் பங்கு, வாக்குரிமை, அதிகாரம் ஆகியவற்றுக்குக் காலம் கேட்பது நியாயம். மனைவியோடு ஒரு கூரையின்கீழ் உறங்குவதற்கு மூன்று தலைமுறை காத்திருக்கச் சொல்வது நியாயமாகாது. முன்னதை ஒரு நாடு தன் விருப்பப்படி தரலாம், தராமலும் இருக்கலாம். பின்னது, ஒருவரின் உழைப்பை ஆண்டுக்கணக்கில் பெற்றுக்கொண்ட நாடு அவருக்குப் பட்டிருக்கும் கடன். இவ்விரண்டையும் ஒரே தாளில், ஒரே முத்திரையில் கட்டிவைத்திருப்பதுதான் இன்றைய ஏற்பாட்டின் குறை என்பது நம் எண்ணம். தவறென்று தோன்றும் வாசகர் எழுதலாம்.

மறுமையைக் காட்டி ஏய்ப்பதைப் பற்றி முன்னே சொன்னோம். புனித பவுல், நம் பாட்டிமார்க்குச் சின்னப்பர், நமது தாய்நாடு விண்ணகமே என்று பிலிப்பி நகர மக்களுக்கு எழுதினார். உரோமைக் குடியேற்ற நகரமான பிலிப்பியின் மக்கள் குடியுரிமையில் பெருமிதம் கொண்டவர்கள். ஆயினும் எருசலேமில் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, அதே சின்னப்பர் தாம் பிறப்பிலேயே உரோமைக் குடிமகன் என்பதை நூற்றுவர் தலைவனிடம் எடுத்துச் சொல்லவும் தயங்கவில்லை. பெருந்தொகை கொடுத்து அக்குடியுரிமையை வாங்கியிருந்த ஆயிரத்தவர் தலைவன் அதைக் கேட்டு அஞ்சினான். விண்ணகக் குடிமகன் மண்ணகத் தாளை வீணென்று எறிந்துவிடவில்லை. எனவே அந்தப் பற்றவைப்பாளர் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகச் சுமந்து திரிவதை உலகப்பற்று என்று இகழ நமக்கு உரிமையில்லை.

நம் ஊரின் பெயரையே எண்ணிப் பார்க்கலாம். இராயப்பர் பெயரால் அமைந்தது இராயபுரம். இராயப்பரின் முதல் திருமுகம் யாருக்கு எழுதப்பட்டது? போந்து, கலாத்தியா, கப்பதோக்கியா, ஆசியா, பித்தினியா மாநிலங்களில் சிதறி வாழ்ந்த அயலார்க்கு. அவர்கள் அங்கே தங்கியிருக்கும் நிலையைக் குறிக்க அம்மடல் ஆளும் கிரேக்கச் சொல் 'பரோயிக்கியா'. உரிமையில்லாத இடத்தில் அயலவராய்க் குடியிருத்தல் என்பது அதன் பொருள். அதுவே இலத்தீனில் 'பரோக்கியா' ஆகி, ஆங்கிலத்தில் 'பாரிஷ்' ஆயிற்று. தமிழில் நாம் அதனைப் 'பங்கு' என்கிறோம். கிரேக்கச் சொல் நீ அயலவன் என்கிறது; தமிழ்ச் சொல் உனக்கும் பங்குண்டு என்கிறது. ஒரே பொருளைச் சுட்டும் இரு சொற்கள் இப்படி எதிரெதிர்த் திசையிலிருந்து வந்து சந்திப்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

வந்தேறாத குடி வடசென்னையில் எது? படகோட்டிகள் கட்டிய இராயப்பர் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் பார்சிகளின் தீக்கோயில் 1910 முதல் நிற்கிறது. ரஜூலா கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னைத் துறைமுகத்திலிருந்து நம்மவரைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றிச் சென்றது. 1964-இல் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபின் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் குடிசை போட்டார்கள். அதே 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் முடிவு பின்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பல தலைமுறை தேயிலை கிள்ளியவர்கள் எந்த நாட்டின் நிரந்தரவாசி என்று விண்ணப்பம் எழுதிக் காத்திருந்தார்கள். அவர்களுக்குப் புள்ளியிட எவரும் முன்வரவில்லை, தலையெண்ணிக்கையே போதுமானதாயிற்று.

மறுபடியும் அந்தத் தாயிடம் வருவோம். அவர் நெஞ்சில் இருந்தது சட்டமன்று. தமது அடக்கத்துக்கு மகன் வந்துசேர்வாரா என்பதே. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. பட்டினத்தார் சமாதியைத்தான் பேச்சில் இழுத்தார். திருவொற்றியூர்க் கடலோரத்தில் அச்சமாதி இருப்பதை வாசகர் அறிவர். செல்வம், மனை எல்லாம் துறந்து போனவரும் தாய்க்குக் கொடுத்த வாக்கின்படி ஈமக்கடன் செய்யத் திரும்பி வந்தார் என்பது வழிவழியாக வரும் கதை. "அவரே வந்தாரே சாமி" என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டார்.

நிரந்தரவாசம் என்னும் சொல்லைக் கேட்டு அவர் அஞ்சியது போல அது அத்தனை நிரந்தரமுமன்று என்பதை நாம் அவருக்கு விளக்கினோம். நிரந்தரவாசிக்கு மறுநுழைவு அனுமதி என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்க வேண்டும். அது காலாவதியான நிலையில் வெளிநாட்டிலேயே தங்கிவிடுபவர் நிரந்தரத்தை இழப்பார். ஆயரின் மாற்றல் கடிதத்தில் காலந்தள்ளும் நமக்கு அவ்வைந்தாண்டுக் கணக்கு நன்றாகவே புரிந்தது. காசிமேட்டுக் கல்லறையிலும் சில ஆண்டுகளுக்குப்பின் அதே குழியை அடுத்தவர்க்காகத் திறக்கிறார்கள். இதை அந்தத் தாயிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பாரோ, அழுதிருப்பாரோ தெரியாது.

மகன் கேட்ட கேள்வி வேறு. அதுவே நம்மை அதிகம் வருத்தியது. நிரந்தரவாசம் பெறும் குடும்பத்தின் ஆண்பிள்ளை உரிய வயதில் அந்நாட்டின் தேசிய சேவையில் ஈராண்டு முழுநேரம் பணிபுரியக் கடமைப்பட்டவன். "அவனுக்கு ஒன்பது வயசு, ஃபாதர். துப்பாக்கி எடுக்கணும்னு அவனுக்குப் பதிலா நான் இன்னிக்குக் கையெழுத்துப் போடலாமா?" நெடுநேரம் சிந்தித்தோம். பிள்ளைக்காகப் பெற்றோர் கையொப்பமிடுவது நமக்குப் புதிதன்று. திருமுழுக்குத் தொட்டியருகே பேசவே தெரியாத சிசுவுக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சாத்தானை விட்டுவிடுவதாக வாக்களிக்கிறார்கள். வளர்ந்தபின் உறுதிபூசுதலில் அவ்வாக்கைப் பிள்ளை தன்னதாக ஏற்றுக்கொள்கிறது. தேசிய சேவைக்கு அப்படியொரு உறுதிபூசுதல் இல்லை. வயது வந்ததும் அழைப்பு வரும். ஆயினும் ஒரு மண்ணில் வளர்ந்து, அதன் பள்ளியில் படித்து, அதன் அமைதியில் உறங்கும் பிள்ளைக்கு அம்மண்ணைக் காக்கும் கடமை வராது என்றும் சொல்ல முடியாது. "கையெழுத்துப் போடலாம், தம்பி. ஆனால் அவனுக்கு இன்றே சொல்லிவிட்டுப் போடுங்கள். ஒன்பது வயதுக்குப் புரிகிற அளவுக்காவது" என்றோம். இது சரியான விடையா என்பதில் நமக்கு இன்னும் ஐயமுண்டு.

விண்ணப்பத்தோடு இணைக்க ஒரு நன்னடத்தைக் கடிதமும் கேட்டார். பங்கின் இளைஞர் இயக்கச் செயலராக இருந்தார் என்று எழுதித் தந்தால் நல்லது என யாரோ சொல்லியனுப்பியிருந்தார்கள். அவர் அப்பொறுப்பில் ஒருபோதும் இருந்ததில்லை. ஒவ்வொரு விடுமுறையிலும் கூலி வாங்காமல் கோயில் மணிக்கூண்டின் இரும்புப் படிக்கட்டைச் செப்பனிட்டுத் தந்தவர் அவர். அதையே எழுதினோம். அவர் முகத்தில் சற்று ஏமாற்றம் தெரிந்தது.

அவர்கள் போனபின் மேசையருகே தனியே அமர்ந்திருந்தபோது வேறொரு முகம் நினைவுக்கு வந்தது. சில மாதங்களுக்கு முன்னர் ஜார்க்கண்டு மாநிலம் சிம்டேகா பகுதியைச் சேர்ந்த ஒரு தொழிலாளி, கைக்குழந்தையோடு நம் அலுவலகத்துக்கு வந்து திருமுழுக்குக் கேட்டிருந்தார். எர்ணாவூர்ப் பக்கம் தகரக் கொட்டகையில் குடும்பமாகத் தங்கி, துறைமுகக் கிடங்குகளில் மூட்டை ஏற்றுபவர். தமிழும் இந்தியும் கலந்து தட்டுத்தடுமாறிப் பேசினார். சொந்தப் பங்குக் குருவின் கடிதம் வேண்டும், திருமணச் சான்றிதழ் வேண்டும், நம் பங்கின் குடும்ப அட்டை வேண்டும், சந்தாப் பாக்கி இருக்கக்கூடாது என்றோம். கடுமையாகப் பேசவில்லை, கனிவாகவும் பேசவில்லை, தாள்களைக் கேட்டோம். அவர் வணங்கிவிட்டுப் போனார். பிறகு வரவில்லை.

சட்டநூலை எடுத்தோம். 102-ஆம் விதி தெளிவாக இருக்கிறது. ஓரிடத்தில் நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு வசிப்பவர், அல்லது ஐந்தாண்டு முழுமையாக வசித்தவர் அவ்விடத்தின் வாசி. மூன்று மாதம் தங்கும் எண்ணமோ, மூன்று மாதத் தங்கலோ இருந்தாலே குறைவாசி. 107-ஆம் விதி அந்த இருவருக்கும் அவ்விடத்துப் பங்குத்தந்தையே மேய்ப்பர் என்கிறது. எங்குமே வாசமில்லாத நாடோடிக்கும் அவர் அன்று நிற்கும் இடத்தின் பங்குத்தந்தையே மேய்ப்பர். புள்ளியில்லை, பிணையமில்லை, விண்ணப்பம்கூட இல்லை; தங்கும் எண்ணம் ஒன்றே போதும். செமினரியில் இவ்விதிகளைத் தேர்வுக்காகப் படித்தபோது இவற்றின் பெருந்தன்மை நமக்குத் தெரியவில்லை. அந்தச் சிம்டேகாக்காரர் எர்ணாவூருக்கு வந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. நாம் கடிதம் கேட்ட அந்தச் 'சொந்தப் பங்குக் குரு' சட்டப்படி நாமேதான். திருமணச் சான்று தேவை என்பது உண்மை. ஆனால் அதற்காக அவ்வூர்ப் பங்குக்கு எழுதிப் பெற்றிருக்க வேண்டியவர் எழுத்துத் தடுமாறும் ஒரு மூட்டைத் தொழிலாளியா, மேசையும் முத்திரையும் வைத்திருந்த நாமா? கணியன் பூங்குன்றனாரை மேடைதோறும் மேற்கோள் காட்டுவதில் நமக்குக் குறைச்சலில்லை.

அடுத்த ஞாயிறு மாலை உபதேசியாரை அழைத்துக்கொண்டு நாமே எர்ணாவூருக்குப் போனோம். கொட்டகைகள் வரிசையாக இருந்தன. மூன்றாம் வரிசையில் கண்டுபிடித்தோம். கவிழ்த்துவைத்த வண்ணப்பூச்சு வாளி ஒன்றில் நம்மை அமர்த்தி, தேநீர் தந்தார்கள். குழந்தைக்கு உடல்நலம் குன்றியிருந்ததாம், இப்போது தேறிவிட்டதாம். அங்கே மட்டும் ஒன்பது கத்தோலிக்கக் குடும்பங்கள். எவரும் ஓராண்டாக நம் கோயிலுக்குள் வரவில்லை. கேட்டபோது, "அது உங்க கோயில்" என்று ஒரு பெண் சொன்னார், குற்றம் சாட்டும் குரலிலன்று, வழி சொல்லும் குரலில்.

சிங்கப்பூரிலிருந்து மறுமொழி இன்னும் வரவில்லை. தாய் வாரம் ஒருமுறை அலுவலகப் பக்கம் வந்து, மகன் தொலைபேசியில் சொன்னதைச் சொல்லிவிட்டுப் போகிறார். மருமகள் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்கிறாராம். பேரன் தன் வகுப்பில் எல்லாரிடமும் தான் போர்வீரனாகப் போவதாகச் சொல்லித் திரிகிறானாம். விண்ணப்பம் மறுபடியும் மறுக்கப்பட வேண்டும் என்று செபிப்பது பாவமா என்று ஒருநாள் கேட்டார். பாவமில்லை, ஆனால் மருமகளிடம் சொல்லவேண்டாம் என்றோம்.

சிம்டேகாப் பங்கிலிருந்து திருமணச் சான்று அஞ்சலில் வந்துசேர இரண்டு மாதம் ஆயிற்று. குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்து முடித்து, உபதேசியார் பதிவேட்டை நிரப்பத் தொடங்கினார். பெயர், பிறந்த நாள், பெற்றோர் எல்லாம் எழுதியபின் 'ஊர்' என்னும் கட்டத்தில் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"எர்ணாவூர்னே எழுதுங்க" என்றோம்.